ஊர் பேண்டுக்கு விக்கிப்பீடியாவில் இடம் உண்டா?

ஒரு தம்பி என்னிடம் கேட்டதன் சாரம் இது. திண்டுக்கல்லில் ஐந்து நண்பர்கள் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக ஒரு பேண்டு நடத்துகிறார்கள். சொந்தப் பாட்டு ஒன்பது இருக்கிறது. கல்லூரி விழா, கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று நாற்பது மேடைக்கு மேல் ஏறியாயிற்று. யூடியூபில் ஒரு பாட்டு இரண்டு லட்சம் பார்வையைத் தாண்டிவிட்டது. ஒரு இணைய இதழில் பேட்டி, ஒரு நாளிதழில் செய்தி வந்திருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் பேண்டின் பெயரில் கட்டுரை எழுதினார்கள். இரண்டே நாளில் ‘குறிப்பிடத்தக்கமை இல்லை’ என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். ‘சினிமாக்காரர்களுக்கு மட்டும்தான் அந்த இடமா, ஊர் பேண்டெல்லாம் கணக்கில் வராதா?’ என்று கேட்கிறார்.

வரும். ஊர் பேண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் நீங்கள் அடுக்கிய காரணங்களுக்காக இல்லை. உங்கள் கட்டுரையை நீக்கியதும் சரிதான்.

முதலில் நான் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுகிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் பல வருடமாகத் தொகுக்கிறேன். கட்டுரையின் தலையில் ‘இதை நீக்கலாம்’ என்ற அறிவிப்பை (நீக்கல் வார்ப்புரு) போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். நான் எழுதியதை மற்றவர்கள் நீக்கியபோது நானும் திட்டியிருக்கிறேன். அதற்கெல்லாம் முன்னால் கும்பகோணத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினோரு வருடம் காங்கோ என்ற தோல் வாத்தியம் வாசித்தவன். ஆடி மாதம் வந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. இன்று மாரியம்மன் கோயில், நாளை திரௌபதி அம்மன் கோயில். ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடித்து, வேனிலேயே சாய்ந்து தூங்கி, விடிந்தால் அடுத்த ஊர். அந்தக் குழுவுக்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லை. நான் எழுத முயன்றதும் இல்லை.

பாதி வருத்தம் ‘குறிப்பிடத்தக்கமை’ என்ற சொல்லாலேயே வருகிறது. கேட்டால் ஏதோ பாராட்டுப் பத்திரம் போல இருக்கிறது. அது இல்லை என்று சொன்னால் ‘நீங்கள் ஒரு பொருட்டே இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொன்னது போல எரிகிறது. உள்ளே இருப்பவர்கள் அந்தப் பொருளில் சொல்வதில்லை. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: உங்களோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத யாராவது, பொறுப்புள்ள ஓரிடத்தில், உங்களைப் பற்றி ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்கிறார்களா? பாட்டு நன்றாக இருக்கிறதா, கூட்டம் வந்ததா என்பதற்கெல்லாம் அங்கே மதிப்பெண் கிடையாது. சுமாராகப் பாடும் குழுவைப் பற்றி நாலு பேர் எழுதியிருந்தால் அதற்குக் கட்டுரை உண்டு. தேவகானமாகவே இருந்தாலும் யாரும் எழுதாத குழுவுக்கு இல்லை.

ஏன் இப்படி ஒரு விதி? விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது. மேலே உட்கார்ந்து திருத்தும் ஆசிரியர் கிடையாது. ஊர் பேர் தெரியாத ஒருவர் எழுதியதை வாசகர் நம்ப வேண்டுமானால், அந்த வரி எங்கிருந்து வந்தது என்று போய்ப் பார்க்க வழி இருக்க வேண்டும். உங்கள் பேண்டைப் பற்றி வெளியார் யாரும் எழுதவில்லை என்றால், கட்டுரையில் உள்ள ஒவ்வொரு வரியும் நீங்கள் சொன்னதாகவே இருக்கும். அதற்கு உங்கள் ஃபேஸ்புக் பக்கமே போதும், கலைக்களஞ்சியம் தேவையில்லை.

‘விரிவாக’ என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். என் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. எங்கள் குழுவின் நோட்டீஸ்கள், மஞ்சள் பூத்த போட்டோக்கள், ஒரு பத்திரிகைத் துண்டு. 1994-ஆம் வருடத்துத் துண்டு அது. கோயில் விழாவைப் பற்றிய செய்தியின் கடைசியில் எங்கள் குழுவின் பெயரைப் போட்டு, ‘குழுவினரின் இன்னிசை நிகழ்ச்சி நடைபெற்றது. விழா ஏற்பாடுகளை ஊர்ப் பொதுமக்கள் செய்திருந்தனர்’ என்று இருக்கிறது. அச்சில் பெயரைப் பார்த்த அன்று நாங்கள் அதை நூறு பிரதி எடுத்தோம். ஆனால் விக்கிப்பீடியாவின் கண்ணில் அது போகிற போக்கில் வந்த பெயர், அவ்வளவுதான். அந்தக் குழுவில் எத்தனை பேர், யார் தொடங்கினார், என்ன பாணி, ஏன் அந்த வட்டாரத்தில் அவர்களைக் கூப்பிட்டார்கள் என்று எதுவும் அதில் இல்லை. அதை வைத்து ஒன்றரை வரி எழுதலாம். கட்டுரை எழுத முடியாது.

நோட்டீஸும் ஆகாது, அது நாங்களே அச்சடித்தது. அதில் எங்கள் பாடகருக்கு ‘கலியுகக் கந்தர்வன்’ என்று பட்டம் வேறு இருக்கும். கொடுத்தது யார் என்று கேட்டால் அச்சகத்துக்காரர்தான்.

பேட்டி என்கிறீர்கள். அதையும் பாதிதான் ஒப்புக்கொள்வார்கள். கேள்வி அவர்களுடையது, பதில் முழுக்க உங்களுடையது. ‘நாங்கள்தான் தமிழில் முதன்முதலாக இந்தப் பாணியைக் கொண்டுவந்தோம்’ என்று நீங்கள் பேட்டியில் சொன்னால், அது நீங்கள் சொன்னதற்குத்தான் சான்று. அது உண்மை என்பதற்கு இல்லை. பேட்டிக்கு முன்னால் அந்த எழுத்தாளர் தன் கண்ணால் பார்த்து, தன் காதால் கேட்டு மூன்று பத்தி எழுதியிருந்தால் அந்த மூன்று பத்திக்கு மதிப்பு உண்டு. இன்னொன்று, காசு வாங்கிக்கொண்டு போடும் ‘செய்தி’. இந்திய ஊடகங்களில் இந்தப் பழக்கம் பரவியிருப்பதைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவின் விதிப் பக்கத்தில் தனியாகவே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. மூன்று இணையதளங்களில் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி பாராட்டு வந்திருந்தால், பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பார்வை எண்ணிக்கையை ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்று கோபப்படுகிறீர்கள். ஒரு கதை சொல்கிறேன், நடந்தது. ஜெரெட் த்ரெட்டின் என்று ஒரு அமெரிக்க ராக் பாடகர். 2018 நவம்பரில் பிரிட்டனில் சுற்றுப்பயணம் வந்தார். அவருக்கு ஆயிரக்கணக்கில் ஃபேஸ்புக் ரசிகர்கள், பாட்டு வெளியிடும் நிறுவனம், நிகழ்ச்சி பதிவு செய்ய ஒரு முகவர், எல்லாம் இருந்தன. லண்டனில் கேம்டன் பகுதியில் உள்ள ஓர் அரங்கில் 291 டிக்கெட் முன்பதிவாகிவிட்டது என்றார்கள். நிகழ்ச்சியன்று வந்தவர்கள் மூன்று பேர். விசாரித்தால் நிறுவனம், முகவர், ரசிகர்கள் எல்லாமே அவரே ஜோடித்தது. அப்புறம்தான் வேடிக்கை. இந்த மோசடியைப் பற்றி பிபிசியும் நியூயார்க் டைம்ஸும் பக்கம் பக்கமாக எழுதின. விளைவு, இன்றைக்கு அவருடைய பேண்டுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கிறது! ரசிகர் எண்ணிக்கை வாங்கித் தராத இடத்தை, ரசிகரே இல்லை என்ற செய்தி வாங்கித் தந்தது. உங்கள் இரண்டு லட்சம் நேர்மையானது என்று நான் நம்புகிறேன். ஆனால் நேர்மையான இரண்டு லட்சத்தையும் காசுக்கு வாங்கிய இரண்டு லட்சத்தையும் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு தொகுப்பாளரால் பிரித்துப் பார்க்க முடியாது.

இனி விதிக்கு வருகிறேன். ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் விதியைத் தானே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் தமிழில் விவாதம் என்று வந்துவிட்டால் ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்ப்பது வழக்கம். ஆங்கிலத்தில் இசைக்குழுக்களுக்கென்று பன்னிரண்டு அளவுகோல் இருக்கிறது. ஏதாவது ஒன்று பொருந்தினால் கட்டுரைக்குத் தகுதி ‘இருக்கலாம்’. இருந்தே தீரும் என்று இல்லை. நாட்டளவிலான தரவரிசைப் பட்டியலில் பாட்டு இடம்பெற்றிருப்பது, விற்பனையை வைத்துக் கொடுக்கும் தங்கத்தட்டுச் சான்று, பெரிய நிறுவனம் வழியாக இரண்டு ஆல்பம், பெரிய விருது அல்லது அதற்கான பரிந்துரை, தேசிய வானொலியில் திரும்பத் திரும்ப ஒலிப்பது, இப்படிப் போகிறது அது. எதுவுமே சொல்லாமல், ‘இது ஒரு பேண்டு, இன்னார் கிட்டார் வாசிக்கிறார்’ என்று மட்டும் எழுதினால் விவாதமே இல்லாமல் விரைவாக நீக்கலாம் என்று வேறொரு விதி உண்டு. அந்த விதியில் அமைப்புகளுக்கு உதாரணம் சொல்லும் இடத்திலேயே பேண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. உலகம் முழுக்க எத்தனை மோட்டார் ஷெட்டிலிருந்து எத்தனை பையன்கள் கட்டுரை எழுதிக் குவித்திருக்கிறார்கள் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். நீங்கள் தனி ஆள் இல்லை, தம்பி.

அந்தப் பன்னிரண்டையும் நம் ஊரில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் மனதில் வைத்துத் தைத்த சட்டை என்பது உடனே தெரியும். இந்திய இசைத்துறைச் சங்கமான ஐஎம்ஐ 2021 ஜூனில் ஒரு வாராந்தரப் பட்டியலைத் தொடங்கியது, ஆனால் அது வெளிநாட்டுப் பாடல்களுக்கு மட்டும். அமெரிக்க இசை இதழான பில்போர்டு 2022-இல் இந்தியாவுக்கென்று 25 பாட்டுப் பட்டியல் கொண்டுவந்தது. அதில் சினிமாப் பாட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு திண்டுக்கல் பேண்டு உள்ளே நுழைவது குதிரைக் கொம்பு. நம் எஃப்எம் நிலையங்களில் காலை முதல் இரவு வரை ஓடுவது படப்பாட்டு. பெரிய நிறுவனம் என்றால் படத்தின் பாடல் உரிமையை வாங்குகிறவர்கள். ஆகவே இந்த வாசல்களெல்லாம் நமக்குக் கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கின்றன.

திறந்திருக்கும் வாசல் இரண்டு. ஒன்று முதலில் சொன்ன பொது விதி: வெளியார் விரிவாக எழுதியிருப்பது. இன்னொன்று பன்னிரண்டில் ஏழாவது. ஓர் இசைப் பாணியின் முக்கியப் பிரதிநிதியாக, அல்லது ஒரு நகரத்தின் இசைச் சூழலில் முதன்மையான குழுவாக இருப்பது. உள்ளூர் பேண்டு என்பதற்காகவே எழுதிவைத்தது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் திண்டுக்கல்லில் நீங்கள்தான் முதன்மை என்று யார் சொல்ல வேண்டும்? நீங்கள் சொல்லக் கூடாது. உங்கள் எதிர்ப் பேண்டுக்காரர் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அச்சில் வந்தால்தான். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறது.

எனக்கு உள்ளுக்குள் உறுத்துவதும் இந்த இடம்தான். இந்திய ராக் பேண்டுகளுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் கணிசமாக உண்டு. ஷில்லாங்கின் சோல்மேட், கொச்சியின் மதர்ஜேன், டெல்லியின் இந்தியன் ஓஷன் எல்லாம் இருக்கின்றன. அவர்கள் திறமையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களைப் பற்றி எழுத ஒரு பத்திரிகை இருந்தது. அலகாபாத்தில் 1993-இல் அமித் சைகல் ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ என்று தொடங்கினார். பேண்டுகளைப் பற்றி எழுதுவதும், அவர்களுக்கு மேடை போடுவதும்தான் அதன் வேலை. 2008-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இந்தியப் பதிப்பு வந்தது. கிட்டாரைப் பிடித்து ஆங்கிலத்தில் பாடியவனுக்குச் சாட்சி சொல்ல ஆள் இருந்தது.

நம் மெல்லிசைக் குழுக்களுக்கு யார் இருந்தார்கள்? சென்னையில் காமேஷ்–ராஜாமணி, ஏ.வி.ரமணனின் மியூசியானோ, பிறகு லக்ஷ்மன் ஸ்ருதி, சாதகப் பறவைகள் என்று பெரிய பெயர்களைப் பற்றியாவது வார இதழ்களில் அவ்வப்போது ஏதாவது வந்தது. ஆனால் தஞ்சாவூர், மதுரை, நெல்லை என்று ஊருக்கு ஊர் இருந்த குழுக்கள்? ஒரு ராத்திரியில் ஐயாயிரம் பேர் தரையில் உட்கார்ந்து கேட்ட கச்சேரிகள் அவை. விளக்கு வெளிச்சத்தில் ஈசல் வந்து கீபோர்டில் விழ, துடைத்துத் துடைத்து வாசிப்பார்கள். ஒரே குரலில் டி.எம்.எஸ்ஸும் சீர்காழியும் பாடுகிற ஆள் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருந்தார். அவர்களைப் பற்றி ஒரு விமர்சகர் வந்து உட்கார்ந்து கேட்டு, வீட்டுக்குப் போய் எழுதியதே இல்லை. கர்னாடகக் கச்சேரிக்கு விமர்சகர் வருவார், சினிமாவுக்கு வருவார். இவர்களுக்கு ‘விழா ஏற்பாடுகளை ஊர்ப் பொதுமக்கள் செய்திருந்தனர்’ மட்டும்தான். தொகுப்பாளன் என்ற முறையில் ‘சான்று இல்லை, நீக்குக’ என்று போடும்போது, காங்கோக்காரன் என்ற முறையில் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.

ஆனாலும் உள்ளூர்த்தன்மையே தடை என்று நினைக்காதீர்கள். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவைப் பாருங்கள். சென்னையின் கானாவை, பறையை, ராப்பை ஒரே மேடையில் ஏற்றிய 19 பேர் குழு. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. அந்த ஒரு ராத்திரியைப் பற்றியே எத்தனை பேர் எழுதினார்கள்! சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பாடினார்கள், அயோத்திதாசர் சொன்ன ‘சாதியற்ற தமிழர்’ என்பதிலிருந்து பெயர் எடுத்தார்கள், வடசென்னைக் குரல்களை நடுமேடைக்குக் கொண்டுவந்தார்கள். எழுதுகிறவனுக்கு எழுத விஷயம் இருந்தது. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். இதில் ஒரு நேர்மையான குறிப்பும் சொல்ல வேண்டும்: பின்னால் ஒரு பிரபல இயக்குநர் நின்றதால் பத்திரிகைகள் முதல் நாளே வந்தன. அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது.

அப்படியானால் உங்கள் ஊரையே பார்க்கலாம். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு இருக்கிறது. கத்தோலிக்கச் சகோதரி சந்திரா வழிநடத்த, பெண்கள் பறையடித்து ஆடுகிற குழு. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இசை இனவரைவியல் கற்பிக்கும் சோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஒரு முழு ஆவணப்படமே எடுத்தார். அதற்கு முன்பு முனைவென்றி கிராமத்துப் பறைக் குழு ஒன்றைப் பற்றியும் எடுத்திருக்கிறார். யூடியூப் பார்வையில் உங்கள் பாட்டோடு முனைவென்றிப் பறை போட்டி போடுமா என்று எனக்குத் தெரியாது. போட வேண்டிய தேவையும் இல்லை. ஒரு ஆய்வாளர் வருடக்கணக்கில் உடனிருந்து பதிவு செய்ததற்கு முன்னால் எந்தத் தொகுப்பாளரும் வாய் திறக்க மாட்டார்.

கொச்சியின் தைக்கூடம் பிரிட்ஜை எடுத்துக்கொண்டால் அது வேறு வழி. பெயரே ஒரு பேட்டையின் பெயர். 2013-இல் கப்பா டிவி என்ற மலையாள சேனலில் பாடினார்கள், அதிலிருந்து பத்திரிகை, மேடை, ஆல்பம் என்று ஏறிப் போனார்கள்.

காலமும் ஒரு விஷயம். கல்கத்தாவில் 1975 வாக்கில் மொஹீனேர் கோராகுலி என்ற பேண்டு தொடங்கியது. வங்காளத்தின் முதல் ராக் பேண்டு என்று இன்று சொல்கிறார்கள். அன்றைக்கு அவர்களைச் சீந்துவார் இல்லை. மூன்று சிறு இசைத்தட்டு போட்டுவிட்டு 1981-இல் கலைந்து போனார்கள். தொண்ணூறுகளில் அடுத்த தலைமுறை அவர்களைத் தோண்டி எடுத்துக் கொண்டாடியது, ஏராளமாக எழுதினார்கள். 1981-இல் அவர்களுக்குக் கட்டுரை எழுதியிருந்தால் நீக்கியிருப்பார்கள். இன்று நீக்கச் சொன்னால் சிரிப்பார்கள். அறுபதுகளில் பண்ணைப்புரத்திலிருந்து கம்யூனிஸ்டுக் கட்சி மேடை மேடையாகப் போய்ப் பாடிய பாவலர் வரதராசன் குழுவும் இதே கணக்குதான். ஆர்மோனியப் பெட்டியோடு அண்ணனுக்குப் பின்னால் போன தம்பி இளையராஜா என்று அன்றைக்கு யார் கண்டது? அந்தக் குழுவைப் பற்றி நாம் இன்று இவ்வளவு தெரிந்துவைத்திருப்பதற்குக் காரணம், தம்பிகள் பிற்பாடு புகழ் பெற்று, அதைப் பற்றிப் பேசியதும் எழுதியதும்தான்.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கை. குழுவில் ஒருவர் பிரபலம் என்றால் குழுவும் தானாகப் பிரபலம் ஆகிவிடாது. ‘எங்கள் டிரம்மர் இன்ன இசையமைப்பாளரிடம் வாசித்திருக்கிறார்’ என்று உங்கள் கட்டுரையில் முதல் பத்தியிலேயே இருந்தது என்கிறீர்கள். அது டிரம்மருக்கே போதாது, பேண்டுக்கு எங்கே போய்ப் போதும்? தனித்தனியாகக் கட்டுரைக்குத் தகுதியான இரண்டு பேராவது ஒரு குழுவில் இருந்தால் யோசிக்கலாம் என்பது பன்னிரண்டில் ஆறாவது.

எழுத்தே இல்லாத இடத்தில் வாய்மொழியைச் சான்றாக எடுத்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கேட்டும் இருக்கிறார்கள். 2011-இல் அச்சல் பிரபாலா என்பவர், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் நிதியோடு ஒரு முயற்சி செய்தார். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி மொழி மூன்றிலும் ஊர் விளையாட்டு, சடங்கு போன்றவற்றை மக்கள் வாயால் சொல்லக் கேட்டுப் பதிவு செய்து, அந்த ஒலிப்பதிவையே மேற்கோளாகக் காட்டினார்கள். எனக்கு அந்த முயற்சி மிகவும் பிடிக்கும். ஆனால் அது பரவலாக ஏற்கப்படவில்லை. பத்து ஊரில் பத்துக் கிழவர் சொல்லும் கிட்டிப்புள்ளுக்கு அது பொருந்தும். தன் பேண்டைப் பற்றித் தானே சொல்லும் ஐந்து நண்பர்களுக்குப் பொருந்தாது.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். அதே கட்டுரையைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். நாலைந்து முறை போட்டால் அந்தத் தலைப்பையே பூட்டிவிடுவார்கள். நாளைக்கு உண்மையான தகுதி வரும்போது அந்தப் பூட்டைத் திறக்க நீங்களே அலைய வேண்டும். பேண்டின் பெயரில் கணக்கு வைத்துக்கொண்டு ஐந்து பேரும் மாறி மாறித் தொகுக்காதீர்கள். ஒரு கணக்கு ஒரு ஆளுக்கு. நீக்கல் விவாதத்தில் நண்பர்களைக் கூட்டிவந்து ‘வைத்துக்கொள்க’ என்று வரிசையாகப் போடச் சொல்லாதீர்கள். அது வாக்கெடுப்பு இல்லை, புதுக் கணக்குகள் பத்து வந்தால் சந்தேகம்தான் கூடும். முக்கியமாக, ‘விக்கிப்பீடியா பக்கம் போட்டுத் தருகிறோம்’ என்று பணம் கேட்டு வருபவர்களிடம் சிக்காதீர்கள். பணம் வாங்கி எழுதுகிறவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2014 ஜூனிலிருந்து விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. இவர்கள் அறிவிக்க மாட்டார்கள். கட்டுரை போகும், காசும் போகும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கட்டுரை வந்துவிட்டால் அது உங்களுடையது இல்லை. பேண்டில் சண்டை வந்து பாடகர் பிரிந்தால், அது பத்திரிகையில் வந்தால், அதையும் யாராவது அங்கே எழுதுவார்கள். நீங்கள் அழித்தால் திரும்பப் போடுவார்கள். காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொண்ட கதையாக அது முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது, உங்கள் ஆவணங்களை நீங்களே ஒழுங்காகச் சேர்த்துவைப்பது. இசை வெளியீடுகளைப் பதிந்துவைக்க மியூசிக்பிரெயின்ஸ் என்ற திறந்த தரவுத்தளம் இருக்கிறது, அதே போல டிஸ்காக்ஸ் இருக்கிறது. பாட்டு வெளியிட்டிருந்தால் போதும், அங்கே பேண்டையும் பாட்டையும் வாசித்தவர்கள் பெயரையும் பதியலாம். புகழ் பெற்றவரா என்று யாரும் கேட்பதில்லை. மேடைப் படங்களில் நல்லதாகப் பத்தைத் தேர்ந்தெடுத்து, எடுத்தவர் சம்மதத்தோடு, விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில், யாரும் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் ஏற்றுங்கள். பறை, கானா, கீபோர்டு பற்றிய கட்டுரைகளுக்கு நல்ல படம் கிடைக்காமல் நாங்கள் திண்டாடுகிறோம். உங்கள் பேண்டுக்குக் கட்டுரை இல்லாவிட்டாலும் உங்கள் விரல் ஒரு கட்டுரையில் இருக்கும்.

அப்புறம், பேண்டைப் பற்றி எழுதும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, பேண்டுகள் வாழும் இடத்தைப் பற்றி எழுதுங்கள். மெல்லிசைக் குழுக்கள் எப்படித் தோன்றின, ஆடி மாதத்துக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு, பேண்டு வாத்தியமும் நையாண்டி மேளமும் எந்த இடத்தில் பிரிகின்றன, சினிமாவுக்கு வெளியே உருவாகும் பாட்டைத் தனியிசை என்று இப்போது சொல்வது எங்கிருந்து வந்தது, இப்படி. தனித்தனிக் குழுவுக்குச் சான்று இல்லாவிட்டாலும் மொத்தச் சூழலுக்கு ஆய்வேடுகளிலும் பழைய இதழ்களிலும் தேடினால் கிடைக்கும். இலங்கையில் எழுபதுகளின் பொப்பிசையைப் பற்றி எழுத விரும்பினால், ஏ.ஈ.மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்து இதழ்களைத் தேட நூலகம் இணையத்தளம் இருக்கிறது. 2005-இல் தொடங்கிய தன்னார்வ முயற்சி. ஆயிரக்கணக்கான பழைய ஈழத்து இதழ்களை ஒளிவருடி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு மெல்லிசைக்கு அப்படி ஒரு இடம் இருந்தால் என் தகரப் பெட்டிக்கும் ஒரு வழி பிறந்திருக்கும்.

கடைசியாக, நீங்கள் சொன்ன அந்த நாளிதழ் செய்தி. அது எந்தத் தேதி, எந்தப் பதிப்பு, எத்தனை பத்தி என்று சொல்லவில்லை. நிருபர் உங்கள் ஒத்திகைக்கு வந்து பார்த்து எழுதியதா, நீங்கள் அனுப்பிய குறிப்பை அப்படியே போட்டதா? முதலாவது என்றால் துண்டைப் படம் எடுத்து, தேதியோடு, விக்கிப்பீடியாவில் என் பேச்சுப் பக்கத்தில் போடுங்கள். அது ஒன்று, இன்னும் அது போல ஒன்று. இரண்டு தேறினால் கட்டுரையை நீங்கள் எழுத வேண்டாம், நானே மணல்தொட்டி என்ற சோதனைப் பக்கத்தில் தொடங்கிவிட்டு, தொகுப்பாளர்கள் கூடிப் பேசும் ஆலமரத்தடிப் பக்கத்தில் நாலு பேரைப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டாவது என்றால் தகரப் பெட்டி ஒன்று வாங்குங்கள். துருப்பிடிக்காததாகப் பார்த்து.